மவுஸ் அம்பு நம் கண்ணுக்குத் தெரிய வேண்டும்

(கூட்டமைப்பு அலுவலகத்தில் குழுக் கணக்காளர்களுக்கு நடந்து வரும் கணினிப் பயிற்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்தப் பயிற்சியில் இதுவரை ஆறு வகுப்பு முடிந்திருக்கிறது. இந்த ஆறு வகுப்பிலும் எங்களிடம் அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி எக்செல் பற்றியது இல்லை, வட்டிக் கணக்கு பற்றியதும் இல்லை. "மேடம், அந்த அம்பு எங்க போச்சு?" இதுதான். வெள்ளைத் திரையில் வெள்ளை அம்பு. நாற்பது வயது தாண்டினால் வெள்ளெழுத்து வந்துவிடுகிறது. கண்ணாடி எல்லோரிடமும் இல்லை. ஜன்னல் வெளிச்சம் வேறு திரையில் அடிக்கிறது. அம்பைத் தேடியே பாதி நேரம் போய்விடுகிறது.

இது சின்ன விஷயம் என்று நாங்கள் நினைக்கவில்லை. அம்பு கிடைக்கவில்லை என்றால் என்ன செய்கிறோம்? பக்கத்தில் இருக்கிற பையனைக் கூப்பிடுகிறோம். மகனோ, கொழுந்தனோ, கடைக்காரத் தம்பியோ வந்து உட்கார்ந்து இரண்டு நிமிடத்தில் முடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். நல்ல மனசோடுதான் செய்கிறார்கள். ஆனால் மவுஸை அவர் கையில் கொடுக்கும்போது பாஸ்வேர்டும் கூடவே போகிறது. தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவது ஊக்குநரும் பிரதிநிதியும். பட்டனை அழுத்துவது வேறு ஒருவருடைய விரல். பதினைந்து பெண்கள் வாரா வாரம் கட்டிய சேமிப்பு அது. அதனால்தான் இன்றைக்கு ஒரு முழு வகுப்பையும் இந்த அம்புக்காகவே ஒதுக்கியிருக்கிறோம்.

முதலில் சுலபமான வழியைச் சொல்லிவிடுகிறோம். விண்டோஸ் 11 உள்ள கணினியில் செட்டிங்ஸ் போய், ஆக்சஸிபிலிட்டி, அதற்குள் மவுஸ் பாயின்டர் என்று இருக்கும். அங்கே அம்பைப் பெரிதாக்கலாம், கலரும் மாற்றலாம். இன்னொரு வசதி, பழைய கண்ட்ரோல் பேனலில் மவுஸ் என்பதைத் திறந்தால், பாயின்டர் ஆப்ஷன்ஸ் பக்கத்தில், கண்ட்ரோல் கீயை அழுத்தினால் அம்பு இருக்கும் இடத்தைக் காட்டு என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் அடித்துவிட்டால், அம்பு தொலைந்தபோது கண்ட்ரோல் கீயை ஒரு தட்டு தட்டினால் போதும், அம்பைச் சுற்றி வட்டம் வட்டமாக வந்து காட்டும். இந்த இரண்டே போதும் என்கிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். தப்பில்லை.

ஆனால் போன வாரம் ஒரு அக்கா கேட்டார், "அம்புக்குப் பதிலா நம்ம மிளகாய் படத்தை வைக்க முடியுமா?" என்று. எல்லோரும் சிரித்தீர்கள். நாங்கள் சிரிக்கவில்லை, ஏனென்றால் அது நல்ல யோசனை. முடியும். சிவப்பு மிளகாய் வெள்ளைத் திரையில் பளிச்சென்று தெரியும். மிளகாய்க்கு ஒரு கூர்மையான நுனி இருக்கிறது. அம்பு வேலைக்கு வேண்டியது அந்த நுனிதான். நம் குழுக்கள் மசாலாப் பொடி செய்து விற்கிறார்கள், மிளகாய்க்குப் பஞ்சமும் இல்லை. வகுப்பில் குத்துவிளக்கு வைக்கலாம், குழுவில் எல்லோரும் சேர்ந்து நிற்கும் போட்டோவை வைக்கலாம் என்றெல்லாம் யோசனை வந்தது. அதெல்லாம் ஏன் சரிப்படாது என்று சொன்னால் கணினிப் படம் என்றால் என்ன என்பதே புரிந்துவிடும்.

கோலம் போடத் தெரியாதவர்கள் இங்கே யாரும் இல்லை. பதினைந்து புள்ளி பதினைந்து வரிசை, நேர்ப்புள்ளி என்று சொன்னால் உடனே கண்ணில் தெரிகிறது இல்லையா? கணினிப் படமும் அப்படித்தான். எல்லாமே புள்ளி. அதைப் பிக்சல் என்கிறார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கலர், அவ்வளவுதான். மவுஸ் அம்புக்கு ஒதுக்கிய வழக்கமான இடம் 32 புள்ளி, 32 வரிசை. நேர்ப்புள்ளி மட்டும்தான், ஊடுபுள்ளி கிடையாது. மொத்தம் 1,024 புள்ளி. மார்கழியில் நம்மில் சிலர் வாசலில் இதற்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வைக்கிறோம்.

கேமராப் படத்துக்கு எத்தனை புள்ளி? 24 மெகாபிக்சல் கேமரா என்றால் குறுக்கே 6,000, நெடுக்கே 4,000, மொத்தம் 2 கோடியே 40 லட்சம் புள்ளி. அதில் சதுரமாக 4,000-க்கு 4,000 என்று வெட்டி எடுத்து அதை 32-க்கு 32 ஆக்கினால், குறுக்கே 125, நெடுக்கே 125, ஆக 15,625 புள்ளிகளைப் பிசைந்து ஒரே புள்ளியாக உருட்டுகிறோம் என்று அர்த்தம். இந்த 15,625 புள்ளிக்குள் ஒருவருடைய மூக்குத்தி இருந்தாலும் சரி, விளக்கின் திரி இருந்தாலும் சரி, எல்லாம் ஒரே கலராகக் கலந்துவிடும். குழுப் போட்டோவை வைத்தால் பதினைந்து பேரும் ஒரு பழுப்புக் கறையாகத் தெரிவோம். மிளகாய் தப்பிக்கிறது, ஏனென்றால் அதில் இருப்பது ஒரு உருவம், ஒரு கலர், ஒரு காம்பு.

இந்த 32-க்கு 32 கட்டத்தில் உலகத்துக்கே வழி காட்டியவர் ஒரு பெண். பெயர் சூசன் கேர், அமெரிக்காக்காரர். 1983-ல் ஆப்பிள் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். கணினி படித்தவர் இல்லை, கலை படித்தவர். நூலால் கட்டம் எண்ணிப் போடும் தையல் வேலையும், மொசைக் வேலையும் அவருக்கு முன்பே பழக்கம். கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்கி, 32-க்கு 32 கட்டத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார். கலர்கூடக் கிடையாது, கருப்பு வெள்ளை மட்டும். குப்பைத் தொட்டி, சிரிக்கிற கணினி, குண்டு, இப்படி அவர் வரைந்த சின்னப் படங்களோடுதான் 1984 ஜனவரியில் மெக்கின்டாஷ் கணினி விற்பனைக்கு வந்தது. அந்த நோட்டுப் பக்கங்கள் இன்றைக்கு நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. நம் பெண்கள் பலரும் "நாங்க என்ன படிச்சோம்" என்று பின்வாங்கும்போது எங்களுக்கு இந்த அம்மா ஞாபகம் வருவார். கட்டம் எண்ணத் தெரிந்த கைக்கு இந்த வேலையில் மதிப்பு உண்டு.

சரி, கேமராவுக்கு வருவோம். நம்மிடம் இருக்கும் கேமராவில் இரண்டு விதமாகப் படம் சேமிக்கலாம். ஒன்று ஜேபெக். இன்னொன்று ரா. ரா என்றால் பச்சையானது, சமைக்காதது. நெல்லையும் வடித்த சோற்றையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஜேபெக் வடித்த சோறு. கேமராவே குத்தி, புடைத்து, வேக வைத்துக் கொடுத்துவிடுகிறது. உடனே பரிமாறலாம். ஆனால் சோறு குழைந்துவிட்டால் குழைந்ததுதான். ரா நெல்லு. அதைப் பச்சரிசியாகவும் ஆக்கலாம், புழுங்கலரிசியாகவும் ஆக்கலாம், அவல் இடிக்கலாம், பொரியும் பொரிக்கலாம்.

உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால், கேமராவின் கண்ணுக்குள் கோடிக்கணக்கான குட்டிக் குட்டி அறைகள். பெரும்பாலான கேமராக்களில் ஒவ்வொரு அறையும் ஒரே ஒரு கலரைத்தான் பார்க்கும். நாலு அறை எடுத்தால் அதில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். நம் கண்ணுக்குப் பச்சையில்தான் நுணுக்கம் அதிகம் தெரியும், அதனால் பச்சைக்கு இரட்டைப் பங்கு. கோடாக் கம்பெனியில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் என்பவர் இந்த முறைக்கு 1976-ல் காப்புரிமை பெற்றார். ரா ஃபைலில் இருப்பது இந்த அறைகள் எண்ணி வைத்த கணக்கு மட்டும்தான். பக்கத்து அறைகளைப் பார்த்து மிச்சக் கலரை நிரப்புவது பிறகு நடக்கும். நம் சிட்டா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். பேரேடு எழுதுவது அப்புறம்.

இன்னொரு வித்தியாசம், ஜேபெக்கில் ஒரு கலருக்கு 256 படி. ராவில் 4,096 அல்லது 16,384 படி. படம் இருட்டடித்துப் போனாலும், மிளகாய்ச் சிவப்பு ஆரஞ்சு மாதிரி விழுந்திருந்தாலும், ராவிலிருந்து ஓரளவுக்கு மீட்டு எடுக்கலாம். கம்பெனிக்குக் கம்பெனி ரா ஃபைலின் பெயர் மாறும். நிக்கானில் என்.இ.எஃப்., கேனனில் சி.ஆர்.2 அல்லது சி.ஆர்.3, சோனியில் ஏ.ஆர்.டபிள்யூ. சில போன்களில் கேமராவில் ப்ரோ என்ற பகுதிக்குள் ரா இருக்கும், அது பெரும்பாலும் டி.என்.ஜி. என்று வரும்.

நேர்மையாகச் சொல்ல வேண்டும் என்றால், வெறும் 1,024 புள்ளி மிளகாய்க்கு ரா தேவையே இல்லை. போன் ஜேபெக்கே தாராளம். பிறகு ஏன் ராவில் எடுக்கச் சொல்கிறோம்? அதே மிளகாய்ப் படம் நாளைக்கு மசாலாப் பாக்கெட் லேபிளுக்கும் வேண்டும். நோட்டீசுக்கும் வேண்டும். ஒரு குழுவில் நடந்தது இது. வாட்ஸ்அப் முகப்புக்கு வெட்டிச் சுருக்கிய படத்தை மட்டும் வைத்துக்கொண்டு, பெரிய படத்தை போனில் இடம் போதவில்லை என்று அழித்துவிட்டார்கள். லேபிள் அடிக்கக் கொடுத்தபோது அந்தச் சின்னப் படத்தையே இழுத்துப் பெரிதாக்கி அடித்துக் கொடுத்தார்கள். மிளகாய் செங்கல் அடுக்கிய மாதிரி வந்தது. 10 சென்டிமீட்டர் அகல லேபிள் தெளிவாக வர வேண்டும் என்றால் குறுக்கே சுமார் 1,180 புள்ளியாவது வேண்டும். நம் 32 புள்ளிப் படத்தை அதே தரத்தில் அச்சடித்தால் மூன்று மில்லிமீட்டர்கூட வராது, கடுகை விடக் கொஞ்சம் பெரிசு. பெரிசைச் சிறிசாக்கலாம். சிறிசைப் பெரிசாக்கினால் இல்லாத புள்ளி எங்கிருந்தும் வராது. எனவே ரா ஃபைலைத் தனி ஃபோல்டரில் போட்டு, பென் டிரைவிலும் ஒரு நகல் எடுத்து, அதைத் தொடாமல் வைக்க வேண்டும். வேலையெல்லாம் நகலில்.

இப்போது செய்முறை. வெள்ளைக் காகிதத்தின் மேல் ஒரு நீள மிளகாய், நுனி மேலே இடது பக்கம் பார்க்க, சாய்வாக வையுங்கள். திண்ணை நிழலில் எடுங்கள். வெயிலில் எடுத்தால் மிளகாயோடு அதன் நிழலும் கருப்பாக விழுந்து, வெட்டும்போது தொல்லை கொடுக்கும். மிளகாய் படத்தை நிறைக்கிற மாதிரி கிட்டத்தில் போய் எடுங்கள்.

கணினியில் கிம்ப் என்ற இலவச மென்பொருளும், டார்க்டேபிள் என்ற இன்னொரு இலவச மென்பொருளும் போட்டு வைத்திருக்கிறோம். ரா ஃபைலை கிம்பில் திறந்தால் அது முதலில் டார்க்டேபிளுக்கு அனுப்பும். அங்கே வெளிச்சமும் கலரும் சரி பண்ணுங்கள். காகிதம் வெள்ளையாகத் தெரிந்தால் மிளகாயும் சரியான சிவப்பில் இருக்கும், இதுதான் அடையாளம். மூடினால் படம் கிம்புக்கு வந்துவிடும். பிறகு சதுரமாக வெட்ட வேண்டும். அடுத்தது காகித வெள்ளையை நீக்குவது. இதை விட்டுவிட்டால் மிளகாய்க்குப் பின்னால் ஒரு வெள்ளைச் சதுரமும் சேர்ந்தே திரையில் நகரும், அடியில் இருக்கும் எழுத்தை மறைக்கும். ஆல்ஃபா சேனல் என்பதைச் சேர்த்து, வெள்ளையைத் தேர்ந்தெடுத்து டெலீட் செய்தால் அந்த இடம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். ஜேபெக்கில் இந்தக் கண்ணாடி நிற்காது, அதனால் இடையில் நிறுத்திச் சேமிக்க வேண்டும் என்றால் பி.என்.ஜி.யாகச் சேமியுங்கள்.

இதற்கெல்லாம் பிறகுதான் சுருக்க வேண்டும். ஒரே தடவையில் 32-க்கு 32. கொஞ்சம் கொஞ்சமாகப் பத்துத் தடவை சுருக்கினால் ஒவ்வொரு தடவையும் விளிம்பு மங்கும். சுருக்கிய உடனே பார்த்தால் உங்களுக்குப் பிடிக்காது, எங்களுக்கும் பிடிக்கவில்லை. ஏதோ தக்காளித் தொக்கு சிந்தின மாதிரி இருக்கும். இங்கேதான் சூசன் கேர் அம்மா வேலை ஆரம்பிக்கிறது. எட்டு மடங்கு பெரிதாக்கிப் பார்த்து, பென்சில் கருவியால் ஒவ்வொரு புள்ளியாகத் திருத்துங்கள். காம்புக்குப் பச்சை நாலு புள்ளி. வயிற்றில் பளபளப்புக்கு வெளிர் சிவப்பு மூன்று புள்ளி. சுற்றிலும் ஒரு கருப்புக் கரை, அதற்கு வெளியே முடிந்தால் ஒரு வெள்ளைக் கரை. புடவைக்குக் கரை மாதிரி. விண்டோஸ் அம்புக்கும் வெள்ளை உடம்பு, கருப்புக் கரை இருப்பதைப் பாருங்கள். கரை இருந்தால்தான் வெள்ளைத் திரையிலும் தெரியும், கருப்புத் திரையிலும் தெரியும். இந்தத் திருத்த வேலைக்கு அரை மணி நேரம் ஆகும். அவசரப்படாதீர்கள், பார்க்கிறவர் கண்ணுக்கு நன்றாகத் தெரிவது இந்த அரை மணி நேரத்தால்தான்.

கடைசியாக ஏற்றுமதி, எக்ஸ்போர்ட். கிம்ப் 3 பதிப்பில் ஃபைல் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து சி.யு.ஆர். என்று போட்டால் கர்சர் ஃபைலாகச் சேமிக்கும். அப்போது ஹாட் ஸ்பாட் எங்கே என்று கேட்கும். இதை நாம் தொடுபுள்ளி என்று சொல்வோம். மிளகாய் 32 புள்ளி அகலம் இருந்தாலும் பட்டனைத் தொடுவது ஒரே ஒரு புள்ளிதான். அது எந்தப் புள்ளி என்று நாம்தான் சொல்ல வேண்டும். மேல் இடது மூலையிலிருந்து எண்ண வேண்டும், எண்ணிக்கை ஒன்றில் அல்ல, சைபரில் தொடங்கும். நுனி இரண்டாவது புள்ளி, இரண்டாவது வரிசையில் இருந்தால் 1, 1 என்று கொடுக்க வேண்டும். தவறுதலாக மிளகாய் வயிற்றில் வைத்துவிட்டால், நுனியை "ரத்து" பட்டனில் வைத்து அழுத்துவீர்கள், வேலை நடப்பது பக்கத்தில் இருக்கும் "சமர்ப்பி" பட்டனில். பணம் அனுப்பும் பக்கத்தில் இப்படி ஆனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

ஐகான் ஃபைல், அதாவது ஐ.சி.ஓ., இதற்கு அண்ணன் தம்பி மாதிரி. உள் அமைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். ஃபைலின் தொடக்கத்தில் ஐகானுக்கு 1, கர்சருக்கு 2 என்று ஒரு எண் இருக்கும், கர்சரில் கூடுதலாகத் தொடுபுள்ளி இருக்கும். ஐகானின் பெயரை மட்டும் சி.யு.ஆர். என்று மாற்றினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். பெயர் மாறும், உள்ளே தொடுபுள்ளி வராது. இன்னொரு விஷயம், ஒரே கர்சர் ஃபைலுக்குள் 32, 48, 64 என்று பல அளவுகளை அடுக்குச் சட்டி மாதிரி வைக்கலாம். புதிய திரைகளில் புள்ளிகள் நெருக்கமாக இருப்பதால் பெரிய அளவு உதவும். ஒவ்வொரு அளவுக்கும் தொடுபுள்ளியைத் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். ரா ஃபைல் 25 எம்.பி. இருந்தது என்றால், 32 அளவு மட்டும் உள்ள கர்சர் ஃபைல் சுமார் 4 கே.பி.தான்.

ஃபைலை கணினிக்குள்ளேயே ஒரு ஃபோல்டரில் வையுங்கள். பென் டிரைவிலிருந்து தேர்ந்தெடுத்தால், அதைக் கழற்றிய பிறகு அடுத்த முறை கணினிக்குப் படம் கிடைக்காது. கண்ட்ரோல் பேனல், மவுஸ், பாயின்டர்ஸ், அதில் நார்மல் செலக்ட். பிரவுஸ் கொடுத்து நம் மிளகாயைக் காட்டி, அப்ளை. அவ்வளவுதான். பெரிதாக்கும் வசதியையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள், ஏதாவது ஒன்று. எக்செல் கட்டங்களுக்குள் வரும் பருத்த வெள்ளைக் கூட்டல் குறி எக்செலின் சொந்தக் குறி, அது மிளகாயாக மாறாது. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறோம், பிறகு எங்களைத் திட்டக் கூடாது. பேங்க் பக்கத்திலும் மற்ற இடங்களிலும் மிளகாய் வரும்.

இணையத்தில் படத்தைக் கொடுத்தால் மாற்றித் தருகிறோம் என்று நிறையத் தளங்கள் இருக்கின்றன. மிளகாய்ப் படத்தைக் கொடுத்தால் பெரிய நஷ்டமில்லை. ஆனால் பழக்கம் அப்படியே தொடரும். நாளைக்கு உறுப்பினர் போட்டோ, ஆதார், பாஸ்புக் முதல் பக்கம் எல்லாவற்றையும் அளவு குறைக்க அங்கேயே போடுவோம். அந்தப் படம் யாருடைய கணினியில் போய் உட்காருகிறது என்று நமக்குத் தெரியாது. போனில் எடுத்த படத்துக்குள் எந்த இடத்தில் எடுத்தது என்ற விவரமும் ஒளிந்திருக்கலாம். நம் கணினியிலேயே செய்ய முடிகிற வேலையை வெளியே கொடுக்க வேண்டாம். அதே மாதிரி, பூ உதிர்கிற அம்பு, மீன் நீந்துகிற அம்பு என்று இலவசமாகக் கிடைப்பதை இறக்கிப் போட வேண்டாம். 2007-ல் விண்டோஸில் அசையும் கர்சர் ஃபைலைப் படிக்கும் இடத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அப்படிப்பட்ட கெட்ட ஃபைல் வழியாக வெளியாட்கள் கணினிக்குள் நுழைந்தார்கள். மைக்ரோசாஃப்ட் வழக்கமான நாள் வரை காத்திருக்காமல் ஏப்ரல் 3-ஆம் தேதி அவசரமாக அடைத்தது. அந்த ஓட்டை அடைபட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. இருந்தாலும் குழுக் கணக்கு இருக்கும் கணினியில் முகம் தெரியாதவர் கொடுத்த ஃபைல் எதற்கு?

அடுத்த வகுப்பில் ஒவ்வொருவரும் சொந்தமாக ஒன்று செய்யப் போகிறோம். கட்டம் போட்ட நோட்டு ஒன்று, சிவப்பு, பச்சை, கருப்பு பென்சில் கொண்டு வாருங்கள். முதலில் தாளில் 32-க்கு 32 வரைந்து, நுனி எந்தக் கட்டம் என்று குறித்த பிறகுதான் கணினியில் உட்கார வேண்டும். கண்ணாடி இருப்பவர்கள் மறக்காமல் எடுத்து வாருங்கள். மிளகாய் கொண்டு வருகிறவர்கள் சம்பா மிளகாயாகப் பார்த்து எடுங்கள். முண்டு மிளகாய் குழம்புக்கு அருமை, ஆனால் உருண்டையாக இருக்கிறதே, நுனியை எங்கே போய்த் தேடுவது?